கை மரத்தாலும் கட்டில் பின்னலாம்



இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தை மாசம். நெல் அறுத்து முடிச்சு, களத்து வேலை ஓய்ஞ்ச நேரம். வேப்பமரத்தடியில உட்கார்ந்து ஒரு கட்டிலுக்கு நார் பின்னிக்கிட்டு இருந்தேன். மோர் கொண்டுவந்து வச்ச வீட்டம்மா, "என்னங்க இது, நார் செவந்து கிடக்குது?"ன்னு கேட்டாங்க.

குனிஞ்சு பார்த்தேன். அஞ்சாறு வரிசைக்கு நாரெல்லாம் ரத்தம். வலது கை ஆட்காட்டி விரல்ல, நாரைச் சுத்தி இழுக்கிற இடத்துல, ஆழமா ஒரு கீறல். நாரோட ஒட்டிக்கிட்டு வந்த கருக்குச் சிலாம்பு ஒண்ணு உள்ளேயே குத்திக்கிட்டு நின்னுச்சு. எவ்வளவு நேரமா அப்படி இழுத்துக்கிட்டு இருந்தேனோ தெரியலை.

"வலிக்கலையா?"ன்னாங்க. வலிக்கலை. எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிச்சுது.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகுது. முதல்ல கால் மரத்துச்சு. வரப்புல நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம நாலு வரப்பு தாண்டிப் போயிருக்கேன். பிறகு விரல் நுனிகள். சட்டைப் பொத்தானைக் கண்ணால பார்த்துத்தான் போட முடியும். பாக்கெட்டுக்குள்ள கைவிட்டா, சாவி எது, சில்லறை எதுன்னு தெரியாது. ஆஸ்பத்திரியில ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி, "தெரியுதாய்யா?"ன்னு கேட்டாங்க. கட்டிலுக்குப் போடுற நைலான் கயித்துல ஒரு இழையைப் பிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. பத்து இடத்துல அழுத்தினதுல மூணு இடத்துலதான் தெரிஞ்சுது.

அந்தக் கீறல் நாலு நாள்ல சீழ் வச்சு, விரல் வீங்கி, கடைசியில விரல் நுனியை எடுக்கவேண்டியதாப் போச்சு. ஒரு நகக்கண் அளவுதான் போச்சு. ஆனா வீட்ல எல்லோரும் பயந்துட்டாங்க. மெட்ராஸ்ல இருக்கிற என் பொண்ணு ஓடிவந்து, என் கத்தி, கொட்டாப்புளி, குத்தூசி எல்லாத்தையும் ஒரு கோணிப்பையில கட்டி பரண் மேல போட்டுட்டா. "அப்பா, கட்டில் பின்னி நாம என்ன சம்பாதிச்சோம்? போதும். சும்மா உட்காருங்க"ன்னு சொன்னா.

பாசத்துல சொன்ன வார்த்தைதான். இந்த மாதிரி அறிவுரையைப் பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்க நிறைய பேர் ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குச் சொல்றாங்க. அதனாலதான் இதை எழுதுறேன். அந்த "சும்மா உட்காருங்க" தப்பான மருந்துன்னு எனக்குப் படுது. ஏன்னு சொல்றேன்.

கட்டில் வேலையைப் பற்றி முதல்ல கொஞ்சம் சொல்லணும். நான் முழுநேரத் தொழிலாளி கிடையாது. எனக்கு ஒரு காணி நிலம், ஏரிப் பாசனம். அறுப்புக்கும் அடுத்த நடவுக்கும் நடுவுல கை சும்மா இருக்கிற நாள்ல செய்ற வேலை இது. எங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது. பனை மட்டையை வெட்டி, ரெண்டு ஓரத்துலயும் ரம்பம் மாதிரி இருக்கிற கருக்கைச் சீவி எடுக்கணும். மட்டையைத் தண்ணியில ஊறப்போட்டு, கொட்டாப்புளியால தட்டி, நார் உரிக்கணும். உரிச்ச நாரைத் தொடைமேல வச்சுத் திரிச்சா கயிறு. அப்புறம் நாலு சட்டத்துக்கு நடுவுல குறுக்கும் நெடுக்கும் பின்னி, கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, இழுகயிறு கோக்கணும். கட்டில் தொய்ஞ்சா அந்தக் கயிறை இழுத்துக் கட்டிக்கலாம்.

இதுல கையோட அறிவு ரொம்ப முக்கியம். நார் காஞ்சிருக்கா, ஈரமா இருக்கா, எங்கே மெலிஞ்சிருக்கு, எவ்வளவு இழுத்தா அறுந்துபோகும், எல்லாத்தையும் விரல் நுனிதான் சொல்லும். என் அப்பா இருட்டுல உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கிட்டே பின்னுவார். கண்ணு வேலையில இருக்காது. நானும் அப்படித்தான் 30 வருஷம் பின்னினேன்.

இன்னைக்கு எங்க வல்லம் வடகால்னா உங்களுக்கு சிப்காட்தான் ஞாபகம் வரும். மோட்டார் சைக்கிள் கம்பெனி, செல்போன் கம்பெனிப் பெண்கள் தங்குறதுக்குக் கட்டின பெரிய விடுதி, ராத்திரி பகல்னு ஓடுற ஷிப்ட் பஸ். 18,000 பேருக்கு மேல தங்கக்கூடிய அந்த விடுதியை 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. அத்தனை பேரும் படுக்கிற ஊர்ல ஒரு நார்க்கட்டிலுக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். வருஷத்துக்கு ஆறேழு கட்டில்தான் கேக்குறாங்க. ஆனா வயசான ஒருத்தருக்கு வெயில் காலத்துல வெளியே போட்டுப் படுக்க நார்க்கட்டில் மாதிரி வராது. காத்து கீழேயிருந்தும் வரும்.

சரி, கோணிப்பை பரண் மேல போனதுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்றேன். எட்டு மாசம் சும்மா உட்கார்ந்தேன். காலையில டீக்கடை, மதியம் தூக்கம், சாயந்திரம் டிவி. விரலுக்கு வேலை இல்லாததால விரல் விறைச்சுப்போச்சு. ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வச்சு வணக்கம் சொன்னா, விரலுக்கு நடுவுல இடைவெளி தெரியும். நடுவுல கொஞ்சம் கொஞ்சம் எழுந்து நடந்ததும் நின்னுச்சு. சர்க்கரை ஏறுச்சு. அதுக்கு சும்மா இருந்தது மட்டுமே காரணம்னு சொல்ல நான் டாக்டர் இல்லை. டீக்கடை பஜ்ஜிக்கும் பங்கு உண்டு. ஆனா எனக்கு வேற ஒண்ணு தெரிஞ்சுது. வேலை செய்யாத அந்த எட்டு மாசத்துலயும் கையில காயம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. டீ கிளாஸ் சுட்டுக் கொப்புளம், தகரக் கதவு கிழிச்ச கோடு, கொசுவத்தி கொளுத்தும்போது தீப்பெட்டிச் சூடு. கட்டில் பின்னாத கைக்கும் காயம் வருதே, அப்போ குத்தம் கட்டில் மேல எப்படி?

இந்தக் கேள்வியை நான் ஆஸ்பத்திரியில கைப்பயிற்சி சொல்லித்தர்ற ஒரு வயசானவர்கிட்ட கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "இதே கேள்வியை உங்க பக்கத்துலயே எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கேட்டுட்டாருய்யா. செங்கல்பட்டு திருமணியைத் தெரியுமா?"ன்னார்.

திருமணி தெரியாம இருக்குமா? எங்க ஊர்லேர்ந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் வழியா போனா ஒரு மணி நேரம்தான். சின்ன வயசுல அந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவாங்க. தொழுநோய் ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரங்க காலத்துல லேடி வெலிங்டன் பேர்ல நடந்தது. 1955-ல மத்திய அரசு எடுத்துக்கிட்டு, பயிற்சி ஆராய்ச்சி நிலையமா இன்னைக்கும் நடத்துது. அவர் சொன்னதைக் கேட்டுட்டு வந்து செல்போன்ல தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதைச் சுருக்கமா சொல்றேன்.

பால் பிராண்ட்னு ஒரு டாக்டர். வெள்ளைக்காரர்தான், ஆனா 1914-ல நம்ம கொல்லிமலையில பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கிறதுக்கு முன்னாடி தச்சு வேலை, கட்டட வேலை எல்லாம் கத்துக்கிட்டவர். 1946-ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்த வருஷம் திருமணிக்குப் போய் அங்கே இருந்த டாக்டர் காக்ரேனைப் பார்த்தார். அங்கே விரல் மடங்கிப்போன ஒரு நோயாளிகிட்ட, "என் கையைப் பிடிச்சு அழுத்து பார்ப்போம்"ன்னாராம். அந்த ஆள் பிடிச்ச பிடியில டாக்டருக்கு வலி தாங்கலையாம். கையில பலம் இருக்குது, உணர்ச்சிதான் இல்லைன்னு அவருக்கு அப்போ உறைச்சுது.

அதுவரைக்கும் எல்லோரும் நினைச்சது, தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு. அவர் கூடவே இருந்து பார்த்தார். துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணை யாராலயும் திறக்க முடியாம இருந்தப்போ, ஒரு சின்னப் பையன் சாவியைத் திருகித் திறந்துட்டானாம். பார்த்தா விரல் எலும்பு தெரியுற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு. பையனுக்குத் தெரியவே இல்லை. இன்னும் சிலருக்கு ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிச்சிருக்கு. வலி தெரியாததால எழுந்திருக்கலை. அதுக்கு அவர் கண்ட வைத்தியம், ஆளுக்கு ஒரு பூனை வளர்க்கச் சொன்னது.

நோய் விரலைத் தின்னலை. நோய் வலியை எடுத்துட்டுப் போச்சு. வலி இல்லாத கையைக் காயமும் சீழும் தின்னுடுச்சு. இதை அவரும் அவரோட வேலை செஞ்சவங்களும் படிப்படியா நிரூபிச்சாங்க. என் கையிலயும் நடந்தது இதேதான். நோய்தான் வேற.

அடுத்து அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுது. ஆபரேஷன் பண்ணிக் கையைச் சரிசெஞ்ச பிறகு, அந்த ஆளுங்களைச் "சும்மா உட்காருங்க"ன்னு அனுப்பலை. அப்படி அனுப்பினா பிச்சைதான் எடுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 1950-கள் தொடக்கத்துல வேலூர்ல நவஜீவ நிலையம்னு ஒரு இடம் அமைச்சு, தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். மரப் பொம்மை செஞ்சாங்க. உளி, சுத்தியல், ரம்பம் எல்லாம் மரத்துப்போன கையில. காயம் வராமலா இருக்கும்? வந்துச்சு. ஒவ்வொரு காயத்துக்கும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு விசாரிச்சிருக்காங்க. சுத்தியல் பிடியில சிலாம்பா? பிடியை மாத்து. தேவைக்கு மேல அழுத்திப் பிடிக்கிறியா? பிடியைத் தடிமனாக்கு. தினமும் வேலை முடிஞ்சதும் கையைப் பாரு. வேலையை நிறுத்தாம காயத்தை நிறுத்தினாங்க.

1966-ல அவர் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை நோயால கால் மரத்துப் புண்ணு வந்தவங்களுக்கும் இதே பாடம்தான் பொருந்தும்னு காட்டினார். இன்னைக்கு நம்ம ஊர்ல சர்க்கரைக்காரங்களுக்கு டாக்டர் எழுதித்தர்ற எம்சிஆர் செருப்பு இருக்கே, அந்த ரப்பர் செருப்பும் வேலூர் பக்கம் தொழுநோயாளிகளுக்காக உருவாக்கினதுலேர்ந்து வந்ததுதான். நான் காலில் மாட்டியிருக்கிறதும் அதுதான். பேர் சொன்னாலே பயந்த அந்த நோயாளிகள் பட்ட காயத்துலேர்ந்து கிடைச்ச அறிவு என் காலைக் காப்பாத்துது.

இதைப் படிச்ச அன்னைக்கே பரண்லேர்ந்து கோணிப்பையை இறக்கினேன். வீட்டம்மா ஒண்ணும் சொல்லலை. "பார்த்துச் செய்யுங்க"ன்னாங்க. அவங்க வழக்கமா சொல்ற வார்த்தைதான். ஆனா எனக்கு அதுதான் வழிமுறையாவே ஆச்சு. விரல் பார்த்த வேலையைக் கண்ணு பார்க்கணும்.

நான் மாத்தினது இவ்வளவுதான்:

முதல்ல, கருக்குச் சீவுறதையும் நார் உரிக்கிறதையும் விட்டுட்டேன். என் கைக்கு அதுதான் எமன். பக்கத்து ஊர்ல ஒரு தம்பி உரிச்சுத் தர்றான், அவனுக்குக் காசு கொடுத்துடுறேன். வந்த நாரை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, சிலாம்பு இருந்தா கத்தரியால வெட்டிட்டுத்தான் தொடுவேன். நார் கிடைக்காதப்போ நைலான் கயிறு.

ரெண்டாவது, விரலைச் சுத்தி இழுக்குறதை நிறுத்தினேன். என் விரல் போனதே அதனாலதான். ஒரு சாண் நீளத்துக்கு உருட்டின வேப்பங்குச்சி. அதுல கயிறைச் சுத்தி, குச்சியை உள்ளங்கையில பிடிச்சு இழுக்குறேன். கத்திப் பிடிக்கும் குத்தூசிப் பிடிக்கும் பழைய சைக்கிள் டியூபைச் சுத்தித் தடிமனாக்கிட்டேன். குத்தூசி முனையையும் அரம் போட்டு மழுக்கிட்டேன்.

மூணாவது, முறுக்கு சரியா இருக்கான்னு விரலுக்குத் தெரியாது, அதனால காதால பார்க்குறேன். ஒரு வரிசை முடிஞ்சதும் குச்சியால கயித்தைத் தட்டுவேன். இறுக்கமா இருந்தா 'டங்'குன்னு ஒரு சத்தம். தொய்வா இருந்தா சத்தமே வராது. பக்கத்து வரிசையும் இதுவும் ஒரே சத்தமா இருந்தா சரி.

நாலாவது, நேரம். காலையில சாப்பிட்டு மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரம், சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போது ஒரு மணி நேரம். வெறும் வயித்துல கிடையாது, ராத்திரியில கிடையாது. செல்போன்ல அரை மணிக்கு ஒருதடவை அலாரம். அடிச்சா வேலையை வச்சுட்டுக் கண்ணாடி போட்டு ரெண்டு கையையும் முன்னும் பின்னும் பார்ப்பேன். செவப்பு தெரிஞ்சா அன்னைக்கு வேலை முடிஞ்சுது. படுக்கப்போறதுக்கு முன்னாடி பேரப்பிள்ளை ஊர்ல இருந்தா அவன் பார்ப்பான். "தாத்தா, இன்னைக்குப் பாஸ்"னு சொல்லுவான்.

அஞ்சாவது, உட்கார்ற விதம். இதைச் சொல்லிக்கொடுத்தது எங்க தெருவுல கம்பெனிக்குப் போற ஒரு பையன். நான் தரையில குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின்னிக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு, "ஏன் மாமா கீழே குனியுறீங்க? எங்க லைன்ல வேலை இடுப்பு உயரத்துக்கு வரும். ஆள் குனிஞ்சா, தோளுக்கு மேல கையைத் தூக்கினா, அதைக் குறையா எழுதி மேஜையை மாத்துவாங்க"ன்னான். எனக்குப் பளிச்சுன்னு இருந்துச்சு. ரெண்டு கல்தூண் இருந்துச்சு பழைய மாட்டுக்கொட்டாய்ல. அது மேல கட்டில் சட்டத்தை ஏத்தி, ஸ்டூல்ல உட்கார்ந்து பின்றேன். கால் செருப்புக்குள்ள இருக்கு, முட்டிக்கு வலி இல்லை.

ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு இரும்பு வண்டியைப் பூட்டுற இடத்துல, மனுஷன் உயரத்துக்கு மேஜையை மாத்தணும்னு தெரிஞ்சிருக்கு. ஆயிரம் வருஷமா கைவேலை செய்ற நம்மகிட்ட, "உடம்பு முடியலைன்னா விட்டுடு" என்பதைத் தவிர வேற யோசனை இல்லை. இதுதான் எனக்குள்ள இருக்கிற ஆதங்கம். கம்பெனிக்கு ஒரு நியாயம், கட்டிலுக்கு ஒரு நியாயமா?

முன்னே ஒன்றரை நாள்ல முடிச்ச கட்டிலுக்கு இப்போ ஆறு நாள் ஆகுது. பின்னலும் அப்பா பின்னின மாதிரி நெருக்கமா வராது. கூலின்னு பார்த்தா ஒண்ணும் நிக்காது. உண்மையைச் சொல்லிடுறேன்.

என் பொண்ணு சொன்னதுல நியாயம் இருக்குங்கிறதையும் ஒத்துக்கிறேன். மரத்துப்போன கையில அரிவாளைக் கொடுத்து, "வேலை செஞ்சா நல்லது"ன்னு யாரையும் நான் தூண்டிவிடலை. புண்ணு இருக்கிறப்போ தொடக்கூடாது. டாக்டர் வேண்டாம்னா வேண்டாம்தான். நானும் டாக்டர்கிட்ட கையைக் காட்டி, இப்படி இப்படிச் செய்யப்போறேன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன். நான் சொல்றது ஒண்ணுதான். "விடு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "எதை மாத்தலாம்?"னு ஒருதடவை கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நான் பேசுறது சுலபம். எனக்கு நிலம் இருக்கு, கட்டில் பின்னலைன்னா அடுப்பு அணையாது. காஞ்சிபுரத்துல தறிக்காரங்க கதை அப்படி இல்லை. குழித்தறியில நாள் முழுக்க உட்கார்ந்து, குழிக்குள்ள காலால மிதிச்சு, கையால நாடா தள்ளி, கண்ணால ஜரிகையைப் பார்க்கணும். கால், கை, கண்ணு மூணுல ஒண்ணு போனாலும் சேலை இறங்காது, கூலி வராது. அந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. நல்லதுதான். அதை நெய்யுற முட்டிக்கும் கண்ணுக்கும் என்ன கிடைச்சுது?

கைவினைக்காரங்களுக்கு அரசாங்கத் திட்டம் இல்லாம இல்லை. மத்திய அரசு 2023-ல விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்துச்சு. 18 தொழில், கருவி வாங்க 15,000 ரூபாய். அந்தப் பட்டியல்ல கூடை, பாய், துடைப்பம் செய்றவங்களும் இருக்காங்க. மாநில அரசு 2025-ல இதே காஞ்சிபுரம் மாவட்டத்துல, குன்றத்தூர்ல வச்சு, 25 தொழிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிச்சு. மானியத்தோட கடன். ரெண்டையும் நான் குறை சொல்லலை. நான் கேக்குறது ஒரு சின்ன விஷயம். விண்ணப்பத்துல பேரு, வயசு, தொழில் கேக்குறீங்க. கூடவே, "உங்க கை எப்படி இருக்கு? கண்ணு எப்படி இருக்கு? எவ்வளவு நேரம் உட்கார முடியும்?"னு ஒரு வரி கேட்டா என்ன? தடிமனான பிடி, உயரமான ஸ்டூல், நல்ல விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, இதெல்லாமும் கருவிதானே. கைவேலை செய்றவங்கள்ல பாதிப் பேர் என் வயசுக்காரங்கதான்னு எனக்குத் தோணுது. நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரைன்னு 2023-ல வந்த ஆய்வு சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் நல்லா நடக்குது. வர்ற அம்மாகிட்ட, நான் கேக்காமலேயே "கையைக் காட்டுங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லச் சொன்னா போதும். கை பேசாது, யாராவது கேட்டாத்தான் தெரியும்.

திருமணிக் கதை மாதிரியே இன்னொருத்தர் கதையும் என் மனசுல நின்னுச்சு. வங்காளத்துல வினோத் பிஹாரி முகர்ஜின்னு ஒரு ஓவியர், சாந்திநிகேதன்ல வாத்தியார். சத்யஜித் ராய்கூட அவர்கிட்ட படிச்சவர்தான். ஏற்கெனவே மங்கலான பார்வை, 1950-கள்ல ஒரு கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சுத்தமாப் போயிடுச்சு. ஓவியருக்குக் கண்ணு போனா என்ன மிச்சம்? அவர் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செஞ்சார். தடவிப் பார்த்து மண்ணுல உருவம் பிடிச்சார். ஓடு பதிச்சு ஒரு பெரிய சுவர்ச் சித்திரமே செஞ்சு முடிச்சார். ராய் அவரைப் பத்தி 1972-ல ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கார். அவருக்குக் கண்ணோட வேலையைக் கை எடுத்துக்கிச்சு. எனக்குக் கையோட வேலையைக் கண்ணும் காதும் எடுத்துக்கிச்சு. அவர் பெரிய கலைஞர், நான் கட்டில் பின்றவன். ஆனா உடம்பு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இடம் மாத்திக் கொடுத்திருக்கு.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்குச் சொல்றேன். உங்க அம்மா பூ கட்டுவாங்க, ஒயர் கூடை பின்னுவாங்க, ஸ்வெட்டர் போடுவாங்க. உங்க அப்பா ஏதாவது தட்டிக்கிட்டு, ராவிக்கிட்டு இருப்பார். ஒருநாள் கை நடுங்கும், விரல் வீங்கும், கண்ணு மங்கும். அன்னைக்கு நீங்க ஊருக்கு வந்து அந்தப் பொருளை எல்லாம் எடுத்துப் பரண்ல போடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, "எந்த இடத்துல கஷ்டமா இருக்கு?"ன்னு கேளுங்க. ஊசியில நூல் கோக்குறதுதான் கஷ்டம்னா பத்து ஊசியில கோத்து வச்சுட்டுப் போங்க. கத்தரி பிடிக்க முடியலைன்னா வெட்டிக் கொடுங்க. கூடை பெருசா வரலைன்னா சின்னதாப் பின்னட்டும். முழு வேலையில ஒரு பங்கு போச்சுன்னா அந்தப் பங்கை மட்டும் நீங்க எடுத்துக்கங்க. மிச்சத்தை அவங்ககிட்டேயே விடுங்க.

கோணலா வந்தா கோணலாவே வாங்கிக்கங்க. போன மாசம் ஒருத்தர் என்கிட்ட கட்டில் கேட்டார். "ரெண்டு நாள்ல கிடைக்குமா?"ன்னார். "ஆறு நாள் ஆகும், கை அவ்வளவுதான் போகும்"னேன். "சரிண்ணே, ஆறு நாள் கழிச்சே வர்றேன்"னு சொன்னார். பேரம்கூடப் பேசலை. அவர் கொடுத்த காசைவிட அந்த ஆறு நாள்தான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது.

கடைசியா என் பொண்ணு. ஆடி மாசம் வந்திருந்தா. கல்தூண் மேல கட்டிலைப் பார்த்ததும் முகம் மாறிப்போச்சு. ஒண்ணும் பேசாம என் ரெண்டு கையையும் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. புதுசா காயம் எதுவும் இல்லை. அரை மணி அலாரம் அடிச்சுது. நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், அவளும் பார்த்தா. டியூப் சுத்தின கத்தியை எடுத்துப் பார்த்துட்டு, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேப்பா"ன்னா. "முன்னாடி வலி இருந்துச்சும்மா, அது பார்த்துக்கிச்சு"ன்னேன்.

அன்னைக்குக் கட்டில் கடைசிக் கட்டத்துல இருந்துச்சு. கால்மாட்டு இழுகயிறை இறுக்கிக் கட்டணும். அது மட்டும் இப்போ என்னால முடியாது. பிடிமானம் வேணும், வழுக்கினாத் தெரியாது. அவகிட்ட குச்சியைக் கொடுத்தேன். சட்டத்துல காலை ஊன்றி அவ இழுத்தா, நான் கயித்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். "இன்னும் கொஞ்சம்"னேன். இன்னும் கொஞ்சம் இழுத்தா. சத்தம் சரியா வந்ததும் முடிச்சுப் போடச் சொன்னேன்.

அந்தக் கட்டிலை அவளே கேட்டா. மெட்ராஸ்ல மூணாவது மாடி பால்கனியில போட்டிருக்காளாம்.